துளசிமணி அக்காவின் நெஞ்சுச் சத்தம்

எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் எங்கள் தெருவில், தண்ணீர் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், துளசிமணி அக்காவின் நெஞ்சு அடிக்கிற சத்தம் முப்பத்திரண்டு வீட்டுக்கும் கேட்க ஆரம்பித்தது. ஈரப் போர்வையைத் துவைகல்லில் ஓங்கி அடிப்பது போன்ற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் மூச்சுவிட இடம் கொடுக்காமல். யாரோ திருட்டுத்தனமாக மோட்டார் வைத்துத் தண்ணீர் இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் முதல் சந்தேகம் அதுதான். தெருச் சங்கத் தலைவர் மருதாசலம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வீடு வீடாகத் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தெருமுனைக் குழிக்குள் குனிந்து வால்வைத் திருப்பிக்கொண்டிருந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங் அம்மிணி, சத்தம் உங்க மேல இருந்தல்ல வருது?"

"எம்மேல இருந்துங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே. நா நல்லாத்தானுங் இருக்கறேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க ஓடினாள்.

அவள் ஓட ஓடச் சத்தமும் கூடவே ஓடியது. அதற்குமேல் மருதாசலத்துக்கும் சந்தேகம் இல்லை.

நான் அக்காவுக்கு எதிர்வீடு. அவள் லைன் சூப்பர்வைசராக இருக்கிற பனியன் கம்பெனியில், அவளுடைய லைனிலேயே, பதினோராவது மெஷினில் உட்கார்ந்து டீசர்ட்டுகளுக்குக் கழுத்துப் பட்டி வைக்கிறேன். என் பெயர் கோகிலவாணி. பெயர் முக்கியமில்லை, என் எரிச்சல்தான் முக்கியம், அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நாலு வருசத்துக்கு முன்னால் மருதாசலம் கண் ஆபரேஷனுக்குப் போகும்போது, "ஒரு பத்து நாளைக்கு நீ பாத்துக்க அம்மிணி" என்று அந்த வால்வு திருப்புகிற இரும்புச் சாவியை அக்கா கையில் கொடுத்தார். கண் சரியாகி அவர் பேப்பரில் பொடி எழுத்துக்கூடப் படிக்கிறார், சாவி மட்டும் திரும்பிப் போகவே இல்லை. அக்காவுக்கு முடியாது என்று சொல்ல வராது. குனியக் குனியக் குட்டுகிறவர்கள் நாங்கள் என்று தெரிந்தும் குனிந்துகொண்டே இருந்தாள்.

ஒரு மனுசியின் நெஞ்சு தெருவுக்கே எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதுவரைக்கும் கேட்கிறது என்றுதான் கேட்டார்கள். கிழக்கே மாவு மில் வரைக்கும், மேற்கே பள்ளிக்கூடத்து மதில் வரைக்கும் கேட்டது. முதல் வாரம் அதைப் பற்றியே பேசினார்கள், இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள், மூன்றாவது வாரம் அது இல்லாமல் பிழைப்பு நடக்காது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். விடியலில் சத்தம் திடீரென்று ஏறினால் தண்ணீர் வந்துவிட்டது, குடத்தை எடு. ஏழு பத்துக்கு ஏறினால் அக்கா வீட்டுக்காரர் சின்னராஜ் வேன் சாவியைக் காணோம் என்று கத்துகிறார், அவர் ஓட்டுகிற ஸ்கூல் வேன் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, பிள்ளைக்கு நிதானமாகத் தலை பின்னலாம். ஏழு நாற்பதுக்கு ஏறினால் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அக்கா சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே ஏறும்; அது திங்கட்கிழமையை நினைத்து ஏறுவது. சின்னப் பெண்கள் அந்தத் தாளத்துக்குக் கயிறு தாண்டினார்கள். மருதாசலம் அந்தத் தாளத்துக்கு வாக்கிங் போய்ச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார். புதிதாகக் குடிவருகிறவர்களிடம், "நம்ம தெருவுல அலாரம் வெக்கத் தேவையில்லீங்க" என்று வீட்டுக்காரர்கள் பெருமையடித்தார்கள். கேட்காதது அக்கா ஒருத்திக்குத்தான்.

கேட்கவில்லை என்றால் தெரியவேண்டாமா? காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்பாள், தூக்கத்தில் பல்லைக் கடித்திருப்பாள். சோற்றை நின்றுகொண்டே விழுங்குவாள். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டு, மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். சீப்பு இடம் மாறிவிட்டது என்று மகளை அறைந்துவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இதெல்லாம் சத்தம் வெளியே கேட்காத காலத்திலேயே இருந்ததுதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், அவளுக்கு டென்சன் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு எங்கள் ரேஷன் கார்டையும் அவளிடமே கொடுத்தனுப்பினோம்.

நான்தான் வம்படியாக அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த வேகத்தில் காதிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, இது இல்லாமலேயே எனக்கு நல்லாக் கேக்குதும்மா என்றார். ஈசிஜி, ரத்தம், தைராய்டு என்று எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல்.

"கொஞ்சம் குறைச்சுக்கங்கம்மா" என்றார்.

"எதைங் டாக்டர்?"

"எல்லாத்தையும்தான்."

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அக்கா கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வருகிற வழியெல்லாம் அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். எதையும் குறைக்க முடியாது என்று பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது சொன்னாள்.

தெரு சும்மா இருக்குமா, பாசக்காரத் தெரு. சங்கம் கூடி, அக்காவின் நெஞ்சை அமைதிப்படுத்த வேண்டியது நம் எல்லோருடைய கடமை என்று தீர்மானம் போட்டது. ஆளுக்கொரு வைத்தியம். விடியற்காலை நாலரைக்கு மூச்சுப் பயிற்சி. ஐந்தேகாலுக்கு மருதமரப்பட்டைக் கசாயம், அதை அவளே காய்ச்ச வேண்டும். இரவு கம்பெனி விட்டு வந்ததும் பார்க்கில் சிரிப்பு வகுப்பு, தவறினால் காரணம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு நூற்றியெட்டுச் சுற்று. இரவு படுக்கும் முன் அன்றைக்கு மனசில் இருந்த பாரத்தை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் நோட்டில் எழுத வேண்டும். மருதாசலம் இதையெல்லாம் கட்டம்போட்டு எழுதி, லேமினேட் செய்து, அக்கா வீட்டு பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனார். "துளசிமணி நலம்" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, யாருக்கும் நேரமில்லை என்பதால் அக்காவையே அதற்கு அட்மின் ஆக்கினார்கள்.

அத்தனையையும் செய்தாள் அந்தப் பைத்தியக்காரி. சிரிப்பு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள், போய் நின்று மூச்சு வாங்கச் சிரித்தாள், சிரித்து முடித்துக் கசாயத்துக்குப் பட்டை வாங்க ஓடினாள், குரூப்பில் அறுபது பேர் போட்ட வணக்கத்துக்கும் வணக்கம் போட்டாள். சத்தம் மாவு மில்லைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் போனது. "இத்தனை செஞ்சும் குறையலீன்னா, அம்மிணிக்கு முழு ஈடுபாடு இல்லைன்னு அர்த்தம்" என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவளும் ஆமாங் என்று தலையாட்டினாள்.

கம்பெனியில் நடந்தது இதைவிடக் கேவலம். எங்கள் லைனில் முப்பது மெஷின். முப்பதும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இருப்பவள் கத்துவதுகூடக் கேட்காது, ஆனால் அக்காவின் நெஞ்சு தரை வழியாக எங்கள் பாதத்துக்கு வந்தது. கொஞ்ச நாளில் எங்கள் கால் பெடலை அந்தத் தாளத்துக்கு மிதிக்க ஆரம்பித்தது. நாங்கள் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. பீஸ் எண்ணிக்கை ஏறுகிறது என்று மேனேஜர் குணசீலன் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு கவனித்தார், பிறகு புரிந்துகொண்டார். அக்கா நிதானமாக இருந்தால் லைன் நிதானமாக ஓடுகிறது, அக்கா பதறினால் லைன் பறக்கிறது. அன்றையிலிருந்து மணிக்கொரு தரம் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து, துணி வாங்குகிற பையர் அனுப்பிய மெயில் என்று எதையோ அவள் கண்ணுக்கு முன்னால் ஆட்டிவிட்டு, "நம்மளால முடியலைன்னா சொல்லிருங்கம்மா, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு வாக்கியம் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போதும். இரண்டே மாதத்தில் பக்கத்து லைனையும் அவள் தலையில் கட்டி, அவளை இரண்டு லைனுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அறுபது மெஷினுக்கும் கேட்கட்டும் என்று. சூப்பர்வைசருக்கு நாற்காலி கிடையாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரைக்கும் அவள் நின்றாள், அவள் நெஞ்சு ஓடியது, நாங்கள் தைத்தோம்.

ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள், பதினொன்றரை மணிக்கு, குணசீலன் நாலாவது தடவையாகச் செல்போனை ஆட்டிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், சத்தம் எப்போதும் இல்லாத வேகத்துக்குப் போனது. துணி என் விரலுக்கு முன்னால் ஓடுகிறது. காலை எடுக்கப் பார்க்கிறேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தின் வழியாக இறங்கி அந்தப் பக்கம் வந்து முறிந்தது. நான் கத்தக்கூட இல்லை, அப்படியே எழுந்து நின்றேன். வெள்ளைக் கழுத்துப் பட்டியெல்லாம் ரத்தம்.

அக்கா ஓடி வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது பட்டியைத்தான்.

"பாத்துத் தெக்க மாட்டியா? கண்ணு எங்க இருக்குது உனக்கு? இன்னிக்குன்னு பாத்துத்தான் இப்படிப் பண்ணோணுமா நீ?"

எனக்கு வந்த கோபத்தில் விரல் வலி மறந்துபோனது.

"நா எங்கக்கா தெச்சேன்? என்ற காலு எம்பேச்சக் கேக்குதா? உன்ற நெஞ்சு அடிக்கற அடிக்குத்தான் இங்க இத்தன காலும் மிதிக்குது."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நா நல்லாத்தான்..."

அந்த வார்த்தையை முடிக்கவிடவில்லை. அவள் வலது கையைப் பிடித்து இழுத்து, கழுத்துக்குக் கீழே, அவள் நெஞ்சின் மேலேயே வைத்து, என் ரத்தக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உதறப் பார்த்தாள், விடவில்லை. எத்தனையோ பேர் அவள் நெஞ்சைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அவள் கை அங்கே போனதே இல்லை. காதுக்கு வராதது கைக்குத் தெரிந்தது. அவள் முகம் வெளுத்தது.

"என்ன கோகிலா இது, இப்படி அடிக்குது" என்றாள். பிறகு, "எத்தன நாளா?"

"நாலு மாசமா. தெருவே கேக்குது."

அக்கா என் விரலைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் லைனைப் பார்த்தாள், பெண்கள் நிறுத்த முடியாமல் தைத்துக்கொண்டே தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார்கள்.

"எல்லாருமாக் கேட்டீங்க" என்றாள். "செய்யறதுக்குத்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. நிறுத்துன்னு ஒருத்தரும் சொல்லலியே."

நானும்தான் சொல்லவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போன அன்றைக்குக்கூட, வருகிற வழியில் எனக்குக் கறிவேப்பிலை வாங்க அவளைத்தான் அனுப்பினேன்.

அக்கா உட்கார்ந்தாள். நாற்காலி இல்லாததால் தரையில், வெட்டுத்துணிக் குவியலுக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்தாள். கையை மட்டும் நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. லைன் லேசாகத் தளர்ந்தது. தளர்ந்தது தெரிந்ததும் குணசீலன் கண்ணாடி ரூமிலிருந்து வந்துவிட்டார்.

"என்னம்மா உக்காந்துட்டீங்க? நாளைக்குக் கன்டெய்னர் வருது."

"இன்னிக்கு என்னால முடியாதுங் சார்."

"முடியாதுன்னா?"

"முடியாதுங்."

அதைச் சொன்னதும் சத்தம் பயங்கரமாக எகிறியது. கூரைத் தகடு அதிர்ந்தது, அறுபது மெஷினும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது, பயத்தில் ஒரு பெண் வீரிட்டாள். முடியாது என்று சொல்வது அவளுக்கு அவ்வளவு பெரிய வேலை. "காலத் தூக்குங்க எல்லாரும்" என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டே பக்கத்து மெஷின்காரியின் முழங்காலைப் பிடித்துத் தூக்கினேன், அவள் அடுத்தவளைத் தூக்கினாள், இப்படியே வரிசையாக அறுபது பேரும் ஒருவருக்கொருவர் காலைத் தூக்கிவிட்டோம். மெஷின் எல்லாம் நின்றபிறகு அந்தச் சத்தம் மட்டும் தனியாக அடித்தது. குணசீலன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார், மெஷின் சத்தம் இல்லாமல் அவர் அதைக் கேட்டதே இல்லை. கால் மணி நேரம் கழித்து, அடி அடியாக, அது இறங்கியது.

"நாளையிலிருந்து ஒரு லைன்தான் பாப்பேனுங். உக்காந்துதான் பாப்பேன்" என்றாள் அக்கா.

"சரி, அப்பறம் பேசலாம்" என்றார் அவர். மறுநாள் ஒரு ஸ்டூல் வந்தது. அடுத்த வாரம் இரண்டாவது லைனுக்கு வேறு ஆள் வந்தது. கன்டெய்னர் ஒருநாள் தாமதமாகப் போனது, யார் தலையும் போகவில்லை. இவ்வளவுதானா என்று எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விரலில் ஊசி ஏறிய அன்றைக்கு மத்தியானம் கையில் கட்டுடன் நானும் அவளும் சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தோம். வந்தவள் நேராக மருதாசலம் வீட்டுக்குப் போய் இரும்புச் சாவியைக் கேட்டில் சாய்த்து வைத்தாள். "ஒரு பத்து நாளைக்காச்சும்..." என்று அவர் ஆரம்பித்தபோது, "முடியாதுங்" என்றாள், சத்தம் எகிறியது, ஆனால் காலையில் எகிறிய அளவு இல்லை. பிரிட்ஜில் ஒட்டியிருந்ததை உரித்தாள். குரூப்பிலிருந்து வெளியேறினாள். சின்னராஜிடம் வேன் சாவிக்கு ஆணி அடித்துக்கொள்ளச் சொன்னாள், அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அடித்துக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முடியாதுக்கும் ஒரு எகிறு, அதற்குப் பிறகு கொஞ்சம் இறக்கம், இப்படித்தான் போனது. நடுவில் ஒருநாள் பழைய புத்தியில் யாருக்கோ ரேஷன் வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி பூரா அடித்தது.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. சத்தம் இறங்க இறங்க இவர்கள் முகம் சுருங்கியது. பால் பொங்கிவிட்டதாம், ஸ்கூல் வேன் போய்விட்டதாம், மருதாசலத்துக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாம். "முன்ன மாதிரி இல்லீங்க துளசிமணி, கம்பெனில ஸ்டூல் குடுத்ததும் மண்டக்கனம் வந்துருச்சு" என்றார்கள். நாலு மாதம் நெஞ்சு வெடிக்க ஓடினாளே, அப்போது யாருக்கும் வராத கவலை இப்போது வந்துவிட்டது.

நடுவில் எங்கேயோ பெரிய குழாய் உடைந்து, இரண்டு முறை தண்ணீரே வராமல் போய், அக்கா சாவியைக் கொடுத்தபிறகு முதல் தண்ணீர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. அதே நேரத்தில்தான் தெருவில் யாரோ கவனித்தார்கள், சத்தம் சுத்தமாக இல்லை. ஒரு சின்ன அடிகூட இல்லை. நாலு மாதம் இரவும் பகலும் கேட்டது நின்றுபோனால் மனசு எங்கே போகும். எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடினோம், நான் முதலில் ஓடினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அக்கா வெறும் தரையில், ஃபேனுக்குக் கீழே, வாய் பிளந்து கிடந்தாள். அவள் அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காதை அவள் நெஞ்சில் வைத்தேன்.

அப்படி வைத்தால்தான் கேட்டது. மெதுவாக, ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. எல்லோருக்கும் எப்படிக் கேட்குமோ அப்படி. நான் அழுதுவிட்டேன்.

"என்னாச்சு? இருக்குதா?" என்று வாசலிலிருந்து மருதாசலம் கேட்டார்.

"இருக்குதுங். தூங்கறா."

கும்பலில் ஒரு பெருமூச்சு வந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது முடிவதற்குள்ளேயே முகங்கள் மாறிவிட்டன, ஒரு வேலை இருக்கும்போது இவள் இப்படிப் படுத்திருக்கிறாளே என்கிற முகம். சாவி மருதாசலத்தின் கையில்தான் இருந்தது.

"அதில்ல கோகிலா, தண்ணி வந்து பத்து நிமிசமாச்சு. நா பாத்தப்ப குழிக்குள்ள ஒரே வால்வுதான், இப்ப புதுசா ரெண்டு மாட்டியிருக்குது, மேல்பக்கத்துக்கு எது, எந்தப் பக்கமாத் திருப்போணும்னு யாருக்கும் தெரியல. உனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது. நாலு வருசமாக அந்தத் தண்ணீரில்தான் சோறு பொங்குகிறோம், எங்கள் முப்பத்திரண்டு வீட்டில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"எழுப்பிக் கேட்டா ஒரு நிமிசம்தானே ஆகும்" என்றார் மருதாசலம்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.